கொடைக்கானலின் பழைய மலையைப் பார்க்க: மூன்று நாள் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலுக்கு முதல் மூன்று தடவை போனபோது நானும் எல்லாரும் பார்ப்பதைத்தான் பார்த்தேன். ஏரியில் படகு, தூண்பாறை, குணா குகை, கடைத்தெருவில் சாக்லேட், இறங்கும் வழியில் வெள்ளி அருவி. நான்காவது தடவை தாண்டிக்குடியில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். காலையில் காபி குடித்ததும் அவர் அப்பா, "வாங்க தம்பி, ஒண்ணு காட்டுறேன்" என்று காபித் தோட்டத்தைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறைக்குக் கூட்டிப்போனார். அங்கே மூன்று பக்கம் பலகைக் கற்கள் நின்றன. மேலே வீட்டுக் கதவைவிட அகலமான ஒரே கல் கூரையாகக் கிடந்தது. சுண்ணாம்பு இல்லை, மண் பூச்சு இல்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்தியிருந்தது. மேல்கல்லில் வெள்ளையும் பச்சையுமாகப் பாசி வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. குனிந்து உள்ளே பார்த்தால் காய்ந்த ஆட்டுப் புழுக்கை.

"எங்க தாத்தா காலத்துலயும் இப்படித்தான் நின்னுச்சாம். மழை புடிச்சா ஆடு மேய்க்கிறவங்க இதுக்குள்ளதான் ஒதுங்குவோம்" என்றார்.

அது பெருங்கற்காலத்துக் கற்திட்டை. இறந்தவர்களுக்காக 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியது. கொடைக்கானல் வரலாறு என்றால் 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் இரண்டு பங்களா கட்டியதிலிருந்துதான் எல்லாப் பலகைகளும் ஆரம்பிக்கின்றன. மலைமேல் மனிதர்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே வாழ்ந்து, செத்தவர்களுக்குக் கல்வீடு கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த இரண்டு கொடைக்கானலையும் ஒரே பயணத்தில் பார்ப்பது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. மூன்று பகல், இரண்டு இரவு இருந்தால் போதும்.

புறப்படும் முன்

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஊர் நிரம்பி வழியும், மலைப்பாதையில் வண்டி நகராது. அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் புல்வெளி வெளுக்க உறைபனி பிடிக்கும். கற்திட்டைகளைத் தேடிப் பாறைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை. பாறை காய்ந்திருக்கும், அட்டைக்கடி குறைவு, காலை வெளிச்சம் தெளிவாக இருக்கும். பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும், அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போதே எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், மலை ஏறும்போது சிக்னலை நம்ப முடியாது. சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருக்கிறது. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

ரயிலில் வருகிறவர்கள் கொடைரோடு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சுமார் 80 கி.மீ., பேருந்தில் மூன்று மணி நேரம். மதுரையிலிருந்து 120 கி.மீ., பழனியிலிருந்து 65 கி.மீ. வளைவுகளில் வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் பேருந்தில் முன்பக்கம் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டி என்றால் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம், எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை: ஸ்வெட்டர், குல்லா, பிடிமானமுள்ள ஷூ, டார்ச், உப்புப் பொட்டலம். உப்பு அட்டைக்கு.

பெயரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்

மலை ஏறுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழியெல்லாம் இது கூடவே வரும். பலகைகளில் 'கொடைக்கானல்' என்றும் 'கோடைக்கானல்' என்றும் இரண்டு மாதிரியும் எழுதியிருப்பார்கள். காட்டின் கொடை என்று ஒரு விளக்கம், கோடையின் கானகம் என்று ஒரு விளக்கம், கொடிகள் அடர்ந்த காடு என்று இன்னொரு விளக்கம். எனக்குப் பிடித்தது கோடைதான். ஏனென்றால் சங்கப் பாட்டிலேயே 'கோடை' என்று ஒரு மலை வருகிறது. புறநானூற்றின் 205-ஆம் பாட்டு கோடை மலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் பாடியது. பாடியவர் பெருந்தலைச் சாத்தனார். பரிசிலுக்கு வந்த புலவருக்கும் அந்த மலைத் தலைவனுக்கும் நடந்த பேச்சு அது. அந்தக் கோடை இந்த மலைதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இன்றைக்கும் மலையின் வானொலி நிலையத்துக்குப் பெயர் கோடைப் பண்பலை, 100.5. ஏறும்போது வண்டியில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழனியும் அப்படித்தான். அகநானூற்றின் முதல் பாட்டே ஆவி என்ற தலைவனின் 'பொதினி'யைச் சொல்கிறது, அந்தப் பொதினிதான் பழனி என்பார்கள். அந்த ஆவியர் குடியில் வந்தவன்தான் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன். கொடைக்கானலில் முதல் நாள் இரவு பல் கிட்டிக் குளிரும்போது, மலைக்காரன் ஒருவனுக்கு மயில் நடுங்குவதாக ஏன் தோன்றியது என்பது நமக்கே புரியும்.

முதல் நாள்: ஏறும் வழியும் செண்பகனூரும்

வத்தலக்குண்டில் டிபன் முடித்து, பெட்ரோல் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்குள் மலையேறத் தொடங்குங்கள். பாதி வழியில் டம்டம் பாறையில் நிறுத்தி எதிர்மலையைப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரித் தொங்குவது தலையாறு அருவி, ஊர்க்காரர்கள் எலிவால் அருவி என்பார்கள். 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டிலேயே உயரமானது.

இன்றைக்கு நாம் ஏறும் இந்தச் சாலை வண்டிகளுக்குத் திறந்தது 1914-ல்தான். அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். வெள்ளைக்காரர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். 1821-ல் நில அளவைக்காக வந்த பி.எஸ். வார்டு, வெள்ளகவி கிராமத்தில் தங்கி அங்கிருந்துதான் மேலே ஏறினார். ஊரைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுகிற அவர் வந்து தங்கவே ஏற்கெனவே ஒரு ஊர் இருந்திருக்கிறது. வெள்ளகவிக்கு நெடுங்காலம் சாலையே கிடையாது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். வட்டக்கானலிலிருந்து அங்கே நடந்து போக ஆசை இருந்தால் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும் மட்டும் போங்கள். 2018-ல் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பது நினைவிருக்கட்டும். போனால் ஊர் எல்லையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி அருவியில் ஐந்து நிமிடம் போதும். நேரத்தை மிச்சம் பிடித்துச் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1895-ல் தொடங்கிய இயேசு சபைக் கல்லூரியைச் சேர்ந்தது அது. உள்ளே பாடம் செய்த விலங்குகளும் பூச்சிகளும் ஆர்க்கிட் செடிகளும் இருக்கும். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் பழனி மலையிலிருந்து கிடைத்த பழம்பொருள்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். இங்கே இருந்த ஆங்கிலாத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மலை முழுக்க நடந்து கற்திட்டைகளை அளந்து வரைந்தார். நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து அவர் எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. இந்த மலையின் கற்களைப் பற்றி யார் பேசினாலும் இன்றுவரை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போங்கள்.

மாலை ஏரியைச் சுற்றி நடக்கலாம். சுற்றளவு சுமார் 5 கி.மீ. மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. இருட்டியபின் சாலையோரம் காட்டுமாடு நின்றால் ஒதுங்கி வழிவிடுங்கள். டார்ச் அடிப்பதோ செல்ஃபி எடுப்பதோ வேண்டாம். பார்க்கச் சாதுவாகத் தெரியும், திரும்பினால் ஓட நேரம் இருக்காது.

இரண்டாம் நாள்: சூரியன், குறிஞ்சி, பூம்பாறை

காலை ஆறு மணிக்குக் கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர்கூட முழுதாக இருக்காது. கீழே சமவெளி மேகத்தின் அடியிலிருந்து மெதுவாக வெளியே வருவதைப் பார்க்கலாம். எட்டு மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும்.

அப்புறம் வான் ஆய்வகம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, அதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விதான் 1899-ல் இந்த உச்சியில் ஓர் ஆய்வகமாக வந்து நின்றது. 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கம் பாய்வதைக் கண்டார். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் இங்கே சேமிப்பில் இருக்கின்றன. பார்வையாளர் நேரம் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள்.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் ஏரியிலிருந்து சுமார் 3 கி.மீ. பழைய கோயில் இல்லை, 1936-ல் கட்டியது. கட்டியவர் லீலாவதி இராமநாதன். ஐரோப்பிய வழியில் பிறந்து, சைவ நெறிக்கு வந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். வானம் தெளிவாக இருந்தால் கோயிலின் பின்பக்கத்திலிருந்து பழனி மலையைப் பார்க்கலாம். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கொத்தாகப் பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. நடுவில் ஓரிரு செடி பூக்கும், அதைப் பறிக்காதீர்கள்.

தூண்பாறை, குணா குகை, பைன் காடு மூன்றும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் கேட்பார்கள், போய்விட்டு வாருங்கள். பதினொரு மணிக்குள் அங்கிருந்து கிளம்பிப் பூம்பாறைக்குத் திரும்பிவிட்டால் நல்லது.

பூம்பாறை ஊருக்கு 18 கி.மீ. மேற்கே. கடைசி வளைவில் நிறுத்திக் கீழே பாருங்கள். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கமாக வீடுகள், வீடுகளுக்கு நடுவே கோயில். கொடைக்கானல் ஏரி உண்டாவதற்கு எவ்வளவோ முன்பே சமவெளியிலிருந்து ஏறிவந்த குன்னுவர்கள் இப்படிப்பட்ட ஊர்களை அமைத்து உழுதிருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்னே காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் பளியர்கள். குழந்தை வேலப்பர் கோயில் மூலவரைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. அருணகிரிநாதரை ஒரு ராட்சசி தாக்க வந்தபோது முருகன் குழந்தையாக வந்து காத்தான், அதனால்தான் குழந்தை வேலப்பர் என்று அர்ச்சகர் சொல்வார். கேட்டால் பொறுமையாக முழுக்கதையும் சொல்வார்கள்.

இங்கே வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று, மலைப்பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைப்பூண்டைவிடப் பல் சின்னது, நிறம் கொஞ்சம் மங்கல், உரித்தால் கண் எரியும். தாளோடு கட்டி அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டு வைப்பார்கள், மாதக்கணக்கில் கெடாது. பை பையாகக் கட்டி விற்பதைவிட, தாளோடு கட்டாக இருப்பதை வீட்டு வாசலில் கேட்டு வாங்குங்கள். பணமும் விவசாயி கைக்கே போகும்.

நேரம் மிச்சமிருந்தால் மன்னவனூர் புல்வெளி வரை போகலாம். இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம் நாள்: கற்திட்டைகளும் தாண்டிக்குடியும்

இந்த நாளுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அறையைக் காலி செய்து ஏழு மணிக்குக் கிளம்புங்கள். வத்தலக்குண்டுச் சாலையில் இறங்கி, பெருமாள்மலை தாண்டி, ஊத்து என்ற இடத்தில் பண்ணைக்காட்டுக்குத் திரும்ப வேண்டும். பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி வரை இரு பக்கமும் நிழல் மரம், நிழலில் காபி, மரத்தில் மிளகுக்கொடி. பழனிக்குப் போகும் வழியில் முருகன் தாண்டிக் குதித்த இடம் என்பதால் 'தாண்டிக்குதி'யாக இருந்து தாண்டிக்குடி ஆனது என்பார்கள். மலைமேல் முருகன் கோயிலுக்கு முதலில் ஏறிவிட்டு வாருங்கள், சுற்றியுள்ள பாறைகளின் அமைப்பு அங்கிருந்து விளங்கும்.

கற்களைத் தேடும் முறையைச் சொல்கிறேன். தரைக்கு மேலே நிற்பது கற்திட்டை, மண்ணுக்குள் பெட்டி மாதிரிப் புதைந்திருப்பது கற்பதுக்கை. 'பதுக்கை' என்ற சொல் புறநானூற்றிலேயே இருக்கிறது. வழியில் அம்பு பட்டு இறந்தவர்கள்மேல் குவித்த கல்லுக்கு அந்தப் பெயர். மலையில் மண் ஆழம் குறைவு, அதனால் இங்கே பாறையின் மேலேயே கட்டினார்கள். பார்வை நன்றாக விழும் மொட்டைப் பாறைகளில்தான் பெரும்பாலும் இருக்கும், சிலவற்றைச் சுற்றித் தாழ்வான கல்சுவர் ஒன்று ஓடும். சில இடங்களில் ஒரு பலகைக் கல்லில் வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள், இடுதுளை என்பது அதுதான்.

ஊரில் 'கற்திட்டை எங்கே' என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. பாண்டவர் வீடு, வாலியர் வீடு, குள்ளர் வீடு, இப்படி ஏதாவது ஒரு பெயரில் கேளுங்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கினார்கள் என்பார்கள், முழங்கால் உயர மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பார்கள். பெரும்பாலானவை பட்டா நிலத்துத் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. அதனால் தோட்டக்காரரிடம் கேட்காமல் வேலி தாண்ட வேண்டாம். பெரியவர் யாராவது கூட வந்தால் அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பேத்துப்பாறைப் பக்கமும் கற்திட்டைகள் உண்டு, ஒரே நாளில் இரண்டையும் அவசரமாகப் பார்ப்பதைவிடத் தாண்டிக்குடியிலேயே நிதானமாக நில்லுங்கள்.

ஐந்தாயிரம் ஆண்டுப் பழமை என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், இரும்புக் காலத்தவை (பெருங்கற்காலம் என்பதும் இந்தக் காலத்தைத்தான்) என்று சொன்னாலே போதுமான பெருமைதான். தாண்டிக்குடியில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு அகழாய்வு செய்து, இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமச்சின்னங்களில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணிகளை எடுத்தது. சூதுபவளம் இந்த மலையில் விளைவதில்லை. இங்கிருந்து போன மிளகுக்கும் ஏலத்துக்கும் பதிலாக எங்கிருந்தோ கைமாறிக் கைமாறி இந்தப் பாறை வரை ஏறி வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

பார்க்கும்போது சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். மேல்கல்லின் மீது ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். பிடிமானம் எடைதான், எடை மாறினால் பலகைக் கல் நழுவும். பெயர் எழுதாதீர்கள். பானை ஓடு கிடந்தால் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், இடம் மாறிய ஓட்டை வைத்து எந்த ஆய்வாளராலும் எதையும் சொல்ல முடியாது. உள்ளே புதையல் இருக்கும் என்று யாரோ கடப்பாரை போட்டுப் பெயர்த்த இரண்டு திட்டைகளை நானே பார்த்திருக்கிறேன். பக்கக்கல் இரண்டாக உடைந்து கிடந்தது. உடைந்த முகம் மட்டும் புதிதாக வெள்ளை வெளேரென்று இருந்தது, மற்ற பக்கமெல்லாம் கறுத்திருந்தது. படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுகிறவர்கள் சரியான இடக்குறியைச் சேர்க்காமல் போடுங்கள்.

இறங்க இரண்டு வழி

தாண்டிக்குடியிலிருந்து தடியன்குடிசை, பெரும்பாறை, சித்தரேவு வழியாகச் செம்பட்டிக்கு இறங்கலாம். வண்டி குறைவு, சாலை குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கிக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். கொடைக்கானல் பாதையில் நெரிசல் இருக்கும் நாள்களில் எனக்குப் பிடித்த வழி இதுதான். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மேற்கு மாவட்டங்களுக்குத் திரும்புகிறவர்கள் பழனி வழியாக இறங்குங்கள். பழனிக்குத் தென்மேற்கே 12 கி.மீ. தொலைவில், மலையின் காலடியில் பொருந்தல். 2009, 2010-ல் ராஜன் குழு அங்கே தோண்டிய ஒரு ஈமச்சின்னத்தில், நாலு கால் கொண்ட ஜாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. அமெரிக்க ஆய்வகத்தில் கொடுத்துக் கணித்ததில் அந்த நெல்லுக்குக் கிடைத்த காலம் கி.மு. 490. அதே ஈமச்சின்னத்தில் பானை வைக்கும் தாங்கி ஒன்றில் தமிழ் பிராமியில் 'வய்ர' என்று எழுதியிருந்தது. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள், இன்றைக்குப் போனால் வயலும் மேடும்தான் கண்ணில் படும். ஆனாலும் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பாருங்கள். காலையில் நீங்கள் நின்ற மலை பின்னால் நீலமாக எழுந்து நிற்கும்.

எந்த வழியில் இறங்கினாலும் மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். தோல் கறுத்ததைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கறுத்ததில்தான் இனிப்பு ஏறியிருக்கும்.